ஜாஸ் பேசும்போது ஃபுட்பாலும் புயலும் ஏன் வருகின்றன?

கேள்வி இதுதான்: "ஜாஸ் கேட்க ஆசை. ஆனால் உங்களைப் போன்ற ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் ஃபுட்பால், புயல், அரசியல் என்று எங்கேயோ போய்விடுகிறீர்கள். இசையை மட்டும் பேசக் கூடாதா? நான் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?"

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. மூன்றே கால் நிமிடம்தான். ஜாஸில் எனக்கு ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் யோசிக்காமல் இதை எடுப்பேன்.

தொடக்கத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லை. டிரம்பெட் மட்டும். முதல் நான்கு சுரங்களை ஆர்ம்ஸ்ட்ராங் ஒவ்வொன்றாக, நிதானமாக, அழுத்தி வைக்கிறார். அடுத்த நொடியே மேலே ஏறுகிறார், உச்சியில் ஒரு கணம் நிற்கிறார், அங்கிருந்து சறுக்கிச் சறுக்கி இறங்குகிறார். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும். தாளம் போட ஆள் இல்லாமலே தாளம் கேட்கிறது. பிறகு குழு உள்ளே வருகிறது, பன்னிரண்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு) கொண்ட புளூஸ் என்ற பாட்டு வடிவம் ஐந்து சுற்று ஓடுகிறது. மூன்றாவது சுற்றைக் கவனியுங்கள். கிளாரினெட் தாழ்ந்த குரலில் ஒரு வரி சொல்ல, ஆர்ம்ஸ்ட்ராங் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொற்கள் இல்லாமல் வாயாலேயே பதில் சொல்கிறார். தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் சொன்னதைக் கடம் வாங்கித் தன் பாணியில் திருப்பிச் சொல்லுமே, அந்தச் சுகம். அடுத்து ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. அது முடிந்ததும் ஆர்ம்ஸ்ட்ராங் மேல்ஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து ஏறக்குறைய நான்கு பார் நேரம் விடாமல் நிறுத்துகிறார். இத்தனை வித்தை தெரிந்த மனிதர் கடைசிச் சுற்றில் அசையாமல் நிற்கிறார், நமக்கு மூச்சு முட்டுகிறது. அப்புறம்தான் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்.

சரி, இனி பெரிய கேள்வி. இசையை மட்டும் பேசக் கூடாதா? மற்ற இசைகளுக்கு எப்படியோ, ஜாஸுக்கு என்னால் முடியாது. காரணம் ஜாஸ் பிறந்த ஊர். வெஸ்ட் எண்ட் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸில் பான்சர்ட்ரெய்ன் ஏரிக்கரையில் மக்கள் காற்று வாங்கப் போகும் இடம். அந்த ஊரில் இசையும் விளையாட்டும் செய்தியும் வேறு வேறு பக்கங்களில் அச்சாகலாம், நடப்பது மட்டும் ஒரே தெருவில்தான். ஒன்றில் கைவைத்தால் மற்ற இரண்டும் ஆடும். இதை ரசிகனின் உணர்ச்சிப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். சட்டப் புத்தகத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

1956 ஜனவரி 2. நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல் என்னும் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். (நம் ஊர்க் கால்பந்து இல்லை, தோள்பட்டையில் கவசம் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால்.) பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணியில் பாபி கிரியர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். சுகர் பவுலில் அதுவரை கறுப்பினத்தவர் யாரும் ஆடியதில்லை. எதிரணியான ஜார்ஜியா டெக் களமிறங்கவே கூடாது என்று ஜார்ஜியா மாநில ஆளுநர் குதித்தார். அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் மாணவர்களே அந்த ஆளுநருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் ஆட்டம் நடந்தது, கிரியர் ஆடினார். ஜார்ஜியா டெக் 7-0 என்று ஜெயித்தது. அந்த ஒரே டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வழிவிட்டது கிரியர் மீது நடுவர் சொன்ன ஒரு தவறு. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று அங்கே பல வருடம் பேசித் தீரவில்லை.

அதே 1956-ல் லூசியானா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து விளையாடக் கூடாது. அதே சட்டத்தில், ஒன்றாக நடனம் ஆடக் கூடாது, கேளிக்கை நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பங்கேற்கவும் கூடாது. விளையாட்டுக்கும் இசைக்கும் சேர்த்து ஒரே பூட்டு.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருந்தார்கள். உலகம் முழுக்க அந்தக் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் பிறந்த ஊரில் மட்டும் அது குற்றம். அவர் ஒதுங்கிக்கொண்டார். 1956-க்குப் பிறகு 1965 வரை நியூ ஆர்லியன்ஸில் அவர் வாசிக்கவில்லை. எந்த ஊரின் தெரு அவருக்கு இசையைக் கொடுத்ததோ, அந்த ஊரில் இத்தனை வருடம் அவர் டிரம்பெட் கேட்கவில்லை. மேடையில் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிறார், வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறார் என்று அந்தக் காலத்து இளைய ஜாஸ் கலைஞர்கள் சிலர் அவரைக் குறை சொன்னார்கள். எனக்கு அந்தக் குற்றச்சாட்டு எப்போதுமே பிடித்ததில்லை. சிரிக்கிறவனுக்கு ரோஷம் இருக்காது என்று யார் சொன்னது?

1957 செப்டம்பரில் அதையும் ஊர் பார்த்தது. ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் ஃபாபஸ் காவற்படையை நிறுத்தினார். வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் கச்சேரிக்கு வந்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கை ஓர் இளம் நிருபர் ஹோட்டல் அறையில் சந்தித்தார். இசையைப் பற்றிப் பேட்டி எடுக்கப் போனவர் லிட்டில் ராக் பற்றியும் கேட்டுவிட்டார். ஆர்ம்ஸ்ட்ராங் கொட்டித் தீர்த்தார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்குத் துணிச்சல் இல்லை, அரசாங்கம் சார்பில் சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்கும் திட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாடு முழுக்கச் செய்தி. அடுத்த வாரமே ஐசன்ஹோவர் அந்த மாணவர்களுக்குக் காவலாக ராணுவத்தை அனுப்பினார். ஆர்ம்ஸ்ட்ராங் பேசியதால்தான் அனுப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குத் தன் முகமாக அனுப்பிக்கொண்டிருந்த கலைஞர் அவர். அந்த முகமே திரும்பிக்கொண்டதன் கனத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது.

லூசியானாவின் அந்தச் சட்டத்தை உடைத்தது யார் தெரியுமா? இசைக்காரர் அல்ல, ஒரு குத்துச்சண்டை வீரர். ஜோசப் டார்சி என்ற கறுப்பின வீரர், வெள்ளையரோடு மோதத் தனக்கு உரிமை வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1959-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இவர் பெயரை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கலந்த குழு ஒன்று நியூ ஆர்லியன்ஸ் மேடையில் ஏறி வாசிப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

சட்டம் போனாலும் பழக்கம் உடனே போகவில்லை. 1965 ஜனவரியில் ஏஎஃப்எல் என்ற ஃபுட்பால் லீக்கின் நட்சத்திர ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் நடப்பதாக இருந்தது. வந்திறங்கிய கறுப்பின வீரர்களை டாக்சிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள், இரவு விடுதிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. இருபத்தொரு வீரர்கள் கூடிப் பேசி, இந்த ஊரில் ஆட மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளையின வீரர்கள் சிலரும் கூட நின்றார்கள். ஆட்டம் ஹூஸ்டனுக்குப் போய்விட்டது. பெரிய லீக் அணி ஒன்று வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த ஊருக்கு அது சரியான அடி. அதே வருடம் அக்டோபரில் ஆர்ம்ஸ்ட்ராங் ஊர் திரும்பி வாசித்தார். அவர் வராமல் இருந்ததும், அந்த வீரர்கள் ஆடாமல் போனதும் என் கணக்கில் ஒரே செயல்தான்.

1966-ல் இரண்டு ஃபுட்பால் லீக்குகள் ஒன்றாவதற்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தயவு தேவைப்பட்டது. லூசியானாவின் அரசியல்வாதிகள் உதவினார்கள், ஊருக்கு அணி கிடைத்தது. அறிவித்த நாள் நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். அணியின் பெயர் செயிண்ட்ஸ், அதாவது புனிதர்கள். தெரு ஊர்வலங்களில் காலம் காலமாக வாசிக்கிற 'வென் த செயிண்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாட்டிலிருந்து வந்த பெயர். உரிமையாளர்களில் ஒருவர் அல் ஹர்ட், ஊர்க்கார டிரம்பெட் கலைஞர். ஒரு விளையாட்டு அணியின் பெயரும் பங்குதாரரும் ஜாஸிலிருந்து வந்தது வேறு எங்கே நடக்கும்?

கூடைப்பந்தில் இதே ஊர் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1974-ல் தொடங்கிய அணிக்கு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்று பெயர். பீட் மாரவிச் அதில் ஆடினார். 1977 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68 புள்ளி. முதுகுக்குப் பின்னால் பந்தைத் தள்ளுவார், பார்க்காமலே பாஸ் கொடுப்பார், எங்கே போகிறார் என்று கூட ஆடுகிறவருக்கே தெரியாது. 1979-ல் அணி சால்ட் லேக் சிட்டிக்குக் குடிபோனது, பெயரையும் எடுத்துக்கொண்டு போனது. இன்றைக்கும் யூட்டா ஜாஸ். யூட்டா ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் அணியின் ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பெயர் மட்டும் நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பி வர வேண்டும்.

தெரு ஊர்வலம் என்றேன். அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த ஊரின் இசை பிடிபடாது. அங்கே உழைக்கும் கறுப்பின மக்கள் சங்கங்கள் அமைத்திருந்தார்கள். மாதாமாதம் சந்தா கட்டினால் நோய்க்கும் சாவுக்கும் சங்கம் பார்த்துக்கொள்ளும். உறுப்பினர் இறந்தால் பிராஸ் பேண்ட் (டிரம்பெட் மாதிரி பித்தளை ஊதுவாத்தியங்களும் டிரம்மும் சேர்ந்த குழு) உண்டு. கல்லறை வரை மெதுவான பக்திப் பாட்டு. ஸ்நேர் டிரம்மின் அடித்தோலில் உரசும் கம்பிகளைத் தளர்த்திவிடுவார்கள், அந்தச் சரசரப்பு போய்ச் சத்தம் மொத்தையாக, அடைத்த குரல் மாதிரி வரும். அடக்கம் முடிந்து கொஞ்ச தூரம் வந்ததும் டிரம்மர் கம்பியை மறுபடி இறுக்குவார். ஒரு உருட்டு. அவ்வளவுதான், பேண்ட் துள்ளலுக்கு மாறும், குடையும் கைக்குட்டையும் மேலே போகும். பேண்டும் சங்கத்தாரும் முதல் வரிசை, பின்னால் சேர்ந்துகொண்டு ஆடி வருகிற ஊர் ஜனம் செகண்ட் லைன். சிறுவன் ஆர்ம்ஸ்ட்ராங் இப்படித்தான் பேண்டுகளின் பின்னால் ஓடி ஓடிக் கேட்டார். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்தில் போட்டார்கள், அந்த இல்லத்து பேண்டில்தான் அவர் கைக்கு டிரம்பெட்டின் உறவான கார்னெட் வந்தது.

2005 ஆகஸ்ட் 29-க்கு வருகிறேன். கத்ரீனா புயல். புயலால் மட்டும் அந்த ஊர் மூழ்கவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் துறை கட்டிய வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தன, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீருக்கடியில் போனது. செயிண்ட்ஸ் ஆடும் சூப்பர்டோம் அரங்கில் பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்தார்கள். கூரை பிய்ந்தது, மின்சாரம் போனது, கழிப்பறைகள் நாறின. விளையாட்டு அரங்கின் பெயர் உலகச் செய்தியில் அவமானத்தின் பெயராக ஓடியது.

பதின்மூன்று மாதத்தில் அதே அரங்கைச் சீர்செய்து திறந்தார்கள். 2006 செப்டம்பர் 25, அட்லாண்டா ஃபால்கன்ஸோடு ஆட்டம். ஊர்க்காரர்களான அர்மா தாமஸும் ஆலன் டூசாண்டும் தேசிய கீதம் இசைத்தார்கள், பிராஸ் பேண்டுகள் களத்தில் வாசித்தன. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அட்லாண்டா பந்தைக் காலால் உதைத்து அனுப்ப நிற்கிறது. செயிண்ட்ஸின் ஸ்டீவ் கிளீசன் நடுவில் கிடைத்த சந்தில் புகுந்து, பாய்ந்து, உதைத்த பந்தைக் கையாலேயே அடித்துத் தள்ளுகிறார். அது உருண்டு எல்லைக்குள் போக, தோழர் ஒருவர் விழுந்து பிடிக்கிறார், டச்டவுன். அந்த ஒளிப்பதிவில் அரங்கம் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள். நான் எத்தனையோ கச்சேரிப் பதிவுகள் கேட்டிருக்கிறேன், கூட்டத்தின் குரலில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. செயிண்ட்ஸ் 23-3 என்று ஜெயித்தது. அரங்குக்கு வெளியே அந்தத் தடுப்பின் சிலை இன்று நிற்கிறது.

அந்த இரவை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன். அதோடு இதையும் சொல்கிறேன்: அரங்கத்தை ஓராண்டில் எழுப்ப முடிந்த நாட்டால் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த சேரிட்டி மருத்துவமனையைத் திறக்க முடியவில்லை. அது மூடியது மூடியதுதான். வெள்ளம் அழித்த லோயர் நைன்த் வார்டு பகுதியில் புயலுக்கு முன் இருந்த மக்களில் பாதிப் பேர்கூட இன்று அங்கே இல்லை. பேண்டில் வாசிக்கும் பையன்கள் இப்படிப்பட்ட தெருக்களிலிருந்துதான் வருவார்கள். தெரு காலியானால் இசை எங்கிருந்து வரும்? 2007-ல் டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் வாசித்த கலைஞர் ஒருவருக்காக ட்ரெமே பகுதியில் நடந்த நினைவு ஊர்வலத்தைக் காவல்துறை கலைத்து, வாசித்தவர்களில் இருவரைக் கைது செய்தது, அனுமதி வாங்கவில்லையாம். சுற்றுலா விளம்பரத்தில் செகண்ட் லைன் படத்தைப் போடும் ஊர் அதைத் தெருவில் தடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இசையில் கத்ரீனாவுக்கு மிகப் பெரிய பதில் ஊர்க்கார டிரம்பெட் கலைஞர் டெரன்ஸ் பிளான்சர்டுடையது. புயலைப் பற்றி ஸ்பைக் லீ எடுத்த ஆவணப்படத்துக்கு இசையமைத்தவர் அவர். அந்தப் படத்தில் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வெள்ளம் அழித்த சொந்த வீட்டுக்குள் அவரே நுழைகிறார். அந்த இசையை விரித்து 2007-ல் 'எ டேல் ஆஃப் காட்ஸ் வில்' என்ற ஆல்பமாகக் கொண்டுவந்தார். அதில் டிரம்பெட் அழவில்லை, கூப்பிடுகிறது. கூரை மேல் நிற்பவர் கூப்பிடுகிற குரல். இவருடைய முதல் ஆபராவின் நாயகன் யார் என்று பாருங்கள்: குத்துச்சண்டை வீரர் எமில் கிரிஃபித். மறுபடியும் அதே முடிச்சு. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் உடற்பயிற்சிக் கூடத்தில் கையுறை மாட்டிப் பயிற்சி எடுத்தவர், 1971-ல் வெளிவந்த ஓர் ஆல்பத்தையே குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சனுக்காகச் செய்தவர்.

'ஜாஸ் என்றால் மனம் போனபடி வாசிப்பது' என்கிறவர்களுக்கு நான் காட்டுவது ஓர் ஆட்டத்தைத்தான். 2010 பிப்ரவரி, தொழில்முறை ஃபுட்பாலின் சூப்பர் பவுல் இறுதி, செயிண்ட்ஸ் இண்டியானாபொலிஸிடம் 10-6 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியைத் தொடங்கும் உதை வழக்கமாக நீளமாகப் போய் எதிரணிக்குச் சேரும். செயிண்ட்ஸ் குட்டையாக உதைத்துத் தாங்களே விழுந்து பிடித்தார்கள். ஆட்டம் திரும்பியது, 31-17. திடீர் யோசனை மாதிரி இருக்கும், இல்லை; பயிற்சியில் பழகி வைத்திருந்தார்கள், எப்போது எடுப்பது என்பதை மட்டும் அந்த இரவில் தீர்மானித்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் அந்தப் பன்னிரண்டு விநாடியும் அப்படித்தான். விரலிலும் உதட்டிலும் வருடக்கணக்கில் ஊறியது, வெளியே வரும் நேரம் மட்டும் புதிது.

அண்மைச் செய்தியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 புத்தாண்டு அதிகாலை நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவில் கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றி 14 பேரைக் கொன்றான் ஒருவன். சுகர் பவுல் ஒரு நாள் தள்ளிப் போனது. அடுத்த மாதம் அதே ஊரில் சூப்பர் பவுல். ஜான் பாட்டிஸ்ட் தேசிய கீதம் இசைத்தார், ட்ரெமேயில் வளர்ந்த டிராம்போன் ஷார்ட்டியும் மேடையேறினார். ஃபிலடெல்ஃபியா 40-22 என்று கான்சஸ் சிட்டியை வென்றது. இடைவேளை நிகழ்ச்சியை ராப் பாடகர் கென்ட்ரிக் லாமருக்குக் கொடுத்தது சரியா, ஊர்ப் பிள்ளை லில் வெய்னுக்குக் கொடுத்திருக்க வேண்டுமா என்று பெரிய சண்டை நடந்தது. என்னைக் கேட்டால் நடுக்களத்தில் ஒரு பிராஸ் பேண்டை இறக்கிப் பன்னிரண்டு நிமிடமும் அவர்களிடமே விட்டிருக்க வேண்டும்.

கேட்கும் வரிசைக்கு வருகிறேன். முதல் வாரம் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாத்தியத்தைப் பின்தொடருங்கள். அடுத்து பிளான்சர்டின் கத்ரீனா ஆல்பம், இரவில், முழுசாக, இடையில் நிறுத்தாமல். பிறகு ரீபர்த் பிராஸ் பேண்டின் நேரடிப் பதிவு எதுவானாலும் சரி. சூசபோன் (தோளில் சுற்றி மாட்டிக்கொள்ளும் டியூபா) அடியில் போடும் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். பியானோ பிடிக்கும் என்றால் எல்லிஸ் மார்சாலிஸ். ஜாஸ் கலைஞர்கள் வின்டன், பிரான்ஃபர்ட் ஆகியோரின் தந்தை, பிளான்சர்டுக்கும் ஆசிரியர். 2020 ஏப்ரல் 1 அன்று கொரோனாவில் போனார். ஊர்வலம் எடுக்க ஊருக்கு அனுமதி இல்லாத நாட்கள் அவை.

அதன் பிறகு நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ-டபிள்யூ-ஓ-இசட் வானொலியை இணையத்தில் போட்டு வையுங்கள், காசு கிடையாது. நமக்குப் பொழுது சாயும் நேரம் அங்கே காலை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய எல்லா ஞாயிறும் எந்தச் சங்கத்தின் ஊர்வலம் எந்தத் தெருவில் புறப்படுகிறது என்றும் அவர்களே சொல்வார்கள். ஃபுட்பால் பருவம் என்றால் செயிண்ட்ஸ் பற்றியும் பேச்சு வரும், அப்போது வானொலியை மாற்றிவிடாதீர்கள்.